பழைய காருக்குப் புதிய குளிர்

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கார் இருக்கக் கூடும். வாப்பா ஆசையாக வாங்கியது. விற்க மனம் வராமல் மகன் வைத்துக்கொண்டிருப்பது. மொரிஸ் மைனராக இருக்கலாம், அல்லது 1976 முதல் 1986 வரை வெளிவந்த அந்தப் பெட்டி வடிவ பென்ஸாக இருக்கலாம். பெயின்ட் பளபளக்கும். எஞ்சினிலும் குறை இருக்காது. ஆனால் சித்திரை வெயிலில் உம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டால், பாதி வழியிலேயே எல்லோரும் வியர்வையில் நனைந்துவிடுவார்கள். "இந்த ஏசியை ஒரு வழி பண்ண வேண்டும்" என்ற பேச்சு அன்றிரவே வீட்டில் எழும்.

சகோதரிகளே, அந்தப் பேச்சில் நீங்களும் கலந்துகொள்ளுங்கள். இது ஆண்களின் விடயம் என்று ஒதுங்கிவிட வேண்டாம். பின் ஆசனத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிகளை மூடிக்கொண்டு உட்காரப் போவது நீங்கள்தானே!

காஸ் அடித்தால் போதுமா?

"காஸ் குறைந்திருக்கிறது, அடித்துவிட்டால் சரி." கராஜில் பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில் இதுதான். ஆனால் ஏசி காஸ் பெற்றோலைப் போல எரிந்து தீருகின்ற பொருளல்ல. மூடிய குழாய்களுக்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. கொம்பிரசர் அதை அழுத்துகிறது. ரேடியேற்றருக்கு முன்னால் உள்ள கொன்டென்சரில் சூட்டை இழந்து திரவமாகிறது. பிறகு டாஷ்போர்டுக்குக் கீழுள்ள கூலிங் கொயிலில் மீண்டும் ஆவியாகும்போது காருக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. காஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் காஸ் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

பழைய கார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1990களின் முற்பகுதி வரை கார்களில் இருந்தது ஆர்-12 என்ற காஸ். அது வானத்து ஓசோன் படலத்தை அரிப்பது தெரிய வந்ததும், 1987இல் மொன்ட்ரியலில் உலக நாடுகள் கூடி அதை நிறுத்த உடன்பட்டன. எங்களைப் போன்ற வளர்முக நாடுகளுக்கும் 2010தான் கடைசி எல்லை. அதனுடைய இடத்துக்கு வந்தது ஆர்-134ஏ.

பழைய அமைப்பிலே புதிய காஸை அப்படியே அடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். சிறிது காலம் குளிரும். அதன் பிறகுதான் தொல்லை. பழைய கொம்பிரசருக்குள் இருக்கும் கனிம எண்ணெய் புதிய காஸோடு கலந்து ஓடாது. எண்ணெய் திரும்பி வராத கொம்பிரசர் காய்ந்து இறுகிவிடும். புதிய காஸின் மூலக்கூறு சிறியது. பழைய றப்பர் குழாய்களின் ஊடாகவே மெல்ல மெல்ல வெளியேறும். பழைய கொன்டென்சரும் அதற்குப் போதாது. வாகன நெரிசலில் நிற்கும்போது அழுத்தம் ஏறி, குளிர் நின்று, எஞ்சினும் சூடாகத் தொடங்கும்.

ஆகவே மாற்றுவதானால் முழுவதையும் மாற்றுவதே இலாபம். அடுக்கடுக்கான நுண்குழாய்கள் கொண்ட புதிய கொன்டென்சர், உட்பூச்சுள்ள குழாய்கள், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், றப்பர் வளையங்கள், புதிய கொம்பிரசர், அதற்கேற்ற எண்ணெய். கூலிங் கொயிலை மட்டும் "அது நன்றாகத்தான் இருக்கிறது" என்று விட்டுவிடப் பார்ப்பார்கள். காரணம், டாஷ்போர்டைக் கழற்றுவது பெரிய வேலை. பிறகு அது கசிந்தால் அதே கூலியை நீங்கள் திரும்பக் கொடுக்க வேண்டிவரும்.

சமையல் காஸ் வேண்டவே வேண்டாம்

சமையல் காஸ் வகையைச் சேர்ந்த புரொப்பேன், பியூட்டேன் கலவையை ஆர்-12க்குப் பதிலாக அடிப்பவர்களும் இருக்கிறார்கள். மலிவு. நன்றாகக் குளிரவும் செய்யும். அதை மறுக்க முடியாது. "உங்கள் வீட்டுப் புதிய ஃபிரிஜ்ஜிலும் இந்த இனத்துக் காஸ்தானே இருக்கிறது" என்றும் சொல்வார்கள். அதுவும் உண்மையே. ஆனால் ஃபிரிஜ்ஜில் இருப்பது சிறிதளவு, அதுவும் ஒட்டி மூடிய உலோகக் குழாய்களுக்குள். காரிலோ சில நூறு கிராம், ஆடி அசையும் றப்பர் குழாய்களில் ஓடுகிறது. கூலிங் கொயிலில் கசிந்தால் அது வந்து நிறைவது நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையில். ஒரு சிகரட் நெருப்பு, ஒரு ஸ்விச்சின் பொறி போதும். என்ன காஸ் அடித்தார்கள் என்பதைப் பில்லில் எழுதித் தரும்படி கேளுங்கள்.

மைனர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை

மைனருக்கு எங்கள் நாட்டில் தனி மரியாதை. 1990களில் அதன் உதிரிப்பாகங்களை இங்கேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியவர்கள் நாங்கள்! இருந்தாலும் அந்த எஞ்சினின் வலு, 1098 சிசி ரகத்தில்கூட, ஏறக்குறைய 48 குதிரைவலுதான். அதில் மூன்று நான்கை ஏசி எடுத்துக்கொள்ளும். கடுகண்ணாவ ஏற்றத்தில் ஏசியை நிறுத்தித்தான் ஏற வேண்டும். பழைய டைனமோ தரும் 22 அம்பியர் மின்சாரமும் காற்றாடிகளுக்குப் போதாது. ஒல்டர்னேற்றர் பூட்டாமல் ஏசி பூட்டினால் பற்றரி இறங்கிப் போகும்.

இனி, யாரும் சொல்லாத ஒரு விடயம். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. இந்தக் கார் இதுவரை கண்ணாடிகளைத் திறந்துகொண்டே ஓடியது. ஏசி பூட்டியதும் கண்ணாடிகள் மூடப்படும். சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்து, கால் வைக்கும் தகடும் துருப்பிடித்து விட்டிருந்தால், புகையிலுள்ள காபனோரொட்சைட்டு உள்ளே வந்து தேங்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் குமட்டலும் தூக்கமும் வரும். "குளிருக்குப் பிள்ளை நன்றாகத் தூங்குகிறது" என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஆகவே ஏசி வேலைக்கு முன்பே காரை உயர்த்தித் தகட்டையும் சைலன்சரையும் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஏசி போட்ட காரில் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.

கதவு றப்பர்களை நீங்களே சோதிக்கலாம். ஒரு கடதாசித் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இலேசாக வந்துவிட்டால் றப்பர் செத்துவிட்டது. எவ்வளவு குளிர் வந்தாலும் அந்த வழியால் போய்விடும்.

வேலை முடியும் நாளில், காஸ் அடிக்கும் முன் குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சினார்களா என்று கேளுங்கள். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பம்ப் ஓட வேண்டும். அவசரக்காரர்கள் தவிர்ப்பது இந்த வேலையைத்தான். பழைய காஸை வெறுமனே காற்றில் திறந்துவிடாமல், அதற்குரிய இயந்திரத்தில் சேகரிக்கும் கராஜாகவும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு காருக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம். கொயிலில் படிந்த ஈரம் வடிவதுதான் அது. சொட்டாமல் கார்பெட் நனைந்தால்தான் வடிகுழாய் அடைபட்டிருக்கிறது. போய்ச் சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏசியை நிறுத்தி, காற்றாடியை மட்டும் ஓடவிடுங்கள். கொயில் உலர்ந்துவிடும், பூஞ்சண வாடையும் வராது.