மேட்டூர் தண்ணீர் சேரும் 'பாக்' கடல்... அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?

ஜூன் 12. டெல்டாவின் குறுவைச் சாகுபடிக்காக மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள். சேலம் மாவட்டத்தில் புறப்படும் அந்தத் தண்ணீர், நாமக்கல் மாவட்டத்தின் குமாரபாளையம், பள்ளிபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் கரைகளைத் தொட்டு, கல்லணை வழியாக டெல்டாவுக்குள் நுழைகிறது.

'காவிரி எந்தக் கடலில் கலக்கிறது?' என்று இந்த ஊர்களில் எந்தப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும், 'பூம்புகாரில், வங்காள விரிகுடாவில்' என்று பதில் வரும். சரியான பதில்தான். ஆனால், முழுப் பதில் அல்ல. கல்லணையில் பிரியும் வெண்ணாற்றின் கிளைகளான கோரையாறு, பாமணியாறு போன்றவை தெற்கே இறங்கி, திருவாரூர் மாவட்டம் முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடுகள் வழியாக இன்னொரு கடலில் சேர்கின்றன. அதுதான் பாக் விரிகுடா. மீனவர் கைது, படகு பறிமுதல் என்று செய்தி வரும்போதெல்லாம் நாம் படிக்கிற அதே 'பாக்'.

இரண்டு கவர்னர்கள்

1934-ல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்துக்கு, அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டான்லியின் பெயரை வைத்தார்கள். 'ஸ்டான்லி நீர்த்தேக்கம்' என்பது பாடப் புத்தகத்திலும் பொது அறிவுக் கேள்வியிலும் இருக்கிறது. ஊர் வாயில் அது 'மேட்டூர் டேம்'தான்.

அந்தத் தண்ணீரின் ஒரு பகுதி போய்ச் சேரும் கடலுக்கும் ஒரு கவர்னர் பெயர்தான். அவர் ராபர்ட் பாக். இங்கிலாந்தின் டெவன் பகுதியைச் சேர்ந்தவர். மதபோதகராக இந்தியா வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்துக்கு மாறியவர். 1763 முதல் 1767 வரை சென்னையின் கவர்னர். இணையத்தில் சில பக்கங்கள் அவரது பதவிக்காலத்தை 1755-1763 என்று சொல்கின்றன. அது அவருக்கு முன்பு கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகாட்டின் காலம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

பாக் பெயர் கடலில் இருந்தாலும், அவர் காலத்து முடிவு ஒன்றின் சூட்டை உணர்ந்தது சேலம், நாமக்கல் மண். 1766-ல் அவரது நிர்வாகம் ஹைதராபாத் நிஜாமுடன் உடன்படிக்கை செய்து, படை உதவி தருவதாக ஒப்புக்கொண்டது. அது கம்பெனியை ஹைதர் அலியோடு மோதும் நிலைக்குக் கொண்டுபோனது. 1767-ல் முதல் மைசூர்ப் போர் வெடித்தது. 1768-ல் நாமக்கல் மலைக்கோட்டையை கம்பெனிப் படை பிடித்தது. சில மாதங்களிலேயே ஹைதரிடம் அதை இழந்தது.

பாக்கும் அல்ல, பாகிஸ்தானும் அல்ல!

ஆங்கிலத்தில் இந்தப் பெயரை எழுதும்போது நடுவில் 'எல்' எழுத்து வரும். 'டாக்', 'வாக்' என்ற சொற்களில் 'எல்' ஒலிக்காததைப் போல, தமிழில் நாமும் அதை விட்டுவிட்டு 'பாக்' என்கிறோம். இலங்கைத் தமிழில் 'பாக்கு நீரிணை' என்று எழுதும் வழக்கமும் உண்டு. அதனால் வெற்றிலைப் பாக்கு நினைவுக்கு வரலாம். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் பாகிஸ்தானையும் 'பாக்.' என்றே சுருக்குவதால், 'பாக் கடல் எல்லை' என்ற வரி சிலரைக் குழப்பவும் செய்யும். இரண்டுக்கும் இந்தக் கடலோடு சம்பந்தமே இல்லை. இது ஓர் ஆளின் பெயர், அவ்வளவுதான்.

வால்சொல்லில்தான் விஷயம்

உண்மையில் கவனிக்க வேண்டியது 'பாக்' என்ற சொல்லை அல்ல; அதன் பின்னால் வரும் சொல்லை. விரிகுடா என்றால், நிலத்துக்குள் விரிந்து புகுந்த கடல். 'யாழ்ப்பாணக் குடாநாடு' என்பதில் இருப்பதும் இதே 'குடா'தான். நீரிணை என்றால், இரண்டு பெரிய நீர்ப்பரப்புகளை இணைக்கும் கடல்வழி. பழைய பாடநூல்களில் இதுவே 'ஜலசந்தி'.

ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே, தொண்டி, ஜெகதாப்பட்டினம், மல்லிப்பட்டினம் என்று கரையோரம் வளைந்து கோடியக்கரை வரை போகும் ஆழம் குறைந்த கடல், பாக் விரிகுடா. கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணக் கரைக்கும் நடுவே, அதை வங்காள விரிகுடாவோடு சேர்க்கும் வாசல், பாக் நீரிணை. ராமேஸ்வரத்துக்குத் தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. ஒன்று கூடம், ஒன்று வாசல், ஒன்று பக்கத்து வீடு என்று வைத்துக்கொள்ளலாம்.

பேச்சு வழக்கில் நாம் கூடத்தையும் வாசலையும் சேர்த்து 'பாக் நீரிணை' என்று சொல்லிவிடுகிறோம். 1966-ல் மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தியதை 'பாக் நீரிணையைக் கடந்தார்' என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். அவர் நீந்தியதோ தெற்கு ஓரத்தில், மணல்திட்டுகளை ஒட்டிய பக்கம்.

பெயர் மாறினால் எல்லையும் மாறும்

பேச்சில் கலந்தால் பரவாயில்லை. ஆவணத்தில் கலந்தால் சிக்கல். 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தம், பாக் நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரையிலான கடலுக்கு எல்லைக்கோடு போட்டது. கச்சத்தீவு அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது இதில்தான். மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் 1976-ல் தனி ஒப்பந்தம். மீன்பிடி உரிமை பற்றிப் பேசும்போது எந்தக் கடல், எந்த ஒப்பந்தம் என்பது முக்கியம்.

2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே முதல் கடற்பசு பாதுகாப்பகம் அது. அங்கேயும் அதிகாரபூர்வப் பெயர் 'பாக் விரிகுடா'தான், நீரிணை அல்ல. கடற்பசு மேயும் கடற்புல், சூரிய ஒளி அடிவரை இறங்கும் ஆழமற்ற கடலில்தான் வளரும் என்பதை நினைத்தால், இந்தப் பெயர் சரியான இடத்தைக் காட்டுவது புரியும்.

மீனவர்கள் என்ன சொல்கிறார்கள்?

அந்தக் கடலிலேயே வாழ்கிறவர்களுக்கு ராபர்ட் பாக் தேவைப்படவில்லை. ராமேஸ்வரம், பாம்பன் மீனவர்களுக்கு பாக் விரிகுடா 'வடகடல்'. மன்னார் வளைகுடா 'தென்கடல்'. அமைதியாகக் கிடக்கும் வடகடலை 'பெண் கடல்' என்றும், அலை சீறும் தென்கடலை 'ஆண் கடல்' என்றும் சொல்வதுண்டு. எந்தப் பக்கம் காற்று, எந்தப் பக்கம் வலை என்பதெல்லாம் அந்தப் பெயர்களிலேயே இருக்கிறது.

ஸ்டான்லியை மறந்துவிட்டு 'மேட்டூர் டேம்' என்று சொல்லும் நம் ஊர்க்காரர்களுக்கு, இந்தப் பழக்கம் புதிதல்ல. ஆனாலும் வரைபடத்திலும் ஒப்பந்தத்திலும் இருப்பது பாக்தான். அடுத்த முறை செய்தியில் அந்தப் பெயரைக் கேட்டால், கூடவே வரும் சொல் விரிகுடாவா, நீரிணையா என்று பாருங்கள். அங்கே நம் ஊர்க் கரையைத் தொட்டுப் போன தண்ணீரும் கொஞ்சம் இருக்கும்.