77-வது நிமிடத்தில் எழுந்து போன ரசிகர்கள்: கால்பந்து டிக்கெட் விலை ஏன் எகிறுது?

2016 பிப்ரவரி 6, சனிக்கிழமை. லிவர்பூல் அணியின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் சண்டர்லேண்டுடன் மேட்ச். லிவர்பூல் 2-0 என முன்னிலை. ஜெயிக்கிற மேட்ச்சை விட்டுட்டு யாராவது எழுந்து போவாங்களா?

போனாங்க. கடிகாரம் 77-வது நிமிடத்தைத் தொட்டதும் கேலரியில் ஆங்காங்கே ஆட்கள் எழுந்து வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள். சுமார் 10,000 பேர் வெளியேறியதாகச் சொல்லப்பட்டது. காலியான இருக்கைகளைப் பார்த்துக்கொண்டே விளையாடிய லிவர்பூல், கடைசி சில நிமிடங்களில் இரண்டு கோல் வாங்கி 2-2 என டிராவில் முடித்தது.

ஏன் 77? புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த மெயின் ஸ்டாண்டில் ஒரு டிக்கெட்டின் அதிகபட்ச விலையை 59 பவுண்டிலிருந்து 77 பவுண்டாக உயர்த்தப் போவதாக கிளப் அறிவித்திருந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 7,500 ரூபாய். நாலே நாளில் உரிமையாளர்களான ஃபென்வே ஸ்போர்ட்ஸ் குரூப் மன்னிப்புக் கேட்டு, திட்டத்தை வாபஸ் வாங்கியது. அதிகபட்ச விலை 59 பவுண்டிலேயே இரண்டு சீசன்களுக்கு நிறுத்தப்பட்டது.

கோடிகளில் புரளும் ஒரு கிளப், 18 பவுண்ட் விலை உயர்வுக்காக ஏன் சொந்த ரசிகர்களோடு மோதணும்? கொஞ்சம் விவரமா பார்ப்போம்.

முன்னாடி எவ்வளவு இருந்தது?

1989-90 சீசனில் ஆன்ஃபீல்டின் புகழ்பெற்ற ‘கோப்’ பகுதியில் நின்றபடி மேட்ச் பார்க்க டிக்கெட் சுமார் 4 பவுண்ட். தொழிற்சாலையிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்தவர்கள், கல்லூரி மாணவர்கள், அப்பாவோடு வந்த பிள்ளைகள் என எல்லோருக்கும் கட்டுப்படியாகிற விலை.

1989 ஏப்ரல் 15-ம் தேதி எல்லாம் மாறியது. ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி லிவர்பூல் ரசிகர்கள் நசுங்கினார்கள். அந்தத் துயரத்தின் பலி எண்ணிக்கை இன்று 97. விசாரணை நடத்திய நீதிபதி டெய்லர் 1990-ல் அளித்த அறிக்கையில், பெரிய மைதானங்களில் நின்று பார்க்கும் பகுதிகளை எடுத்துவிட்டு முழுக்க இருக்கைகள் போடச் சொன்னார்.

இங்கே பலரும் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. இருக்கையைக் காரணம் காட்டி விலையை எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை என்பதையும் அதே அறிக்கை சொன்னது. ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்பின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் உட்கார்ந்து பார்க்க 6 பவுண்ட், நின்று பார்க்க 4 பவுண்ட் என்பதை உதாரணமாகவும் காட்டியது. கிளப்கள் இருக்கையைப் போட்டன. விலை பற்றிய வரியை மறந்துவிட்டன. 2011 வாக்கில் லிவர்பூலின் மிகக் குறைந்த டிக்கெட்டே 40 பவுண்டைத் தாண்டியிருந்தது. விலைவாசி உயர்வை மட்டும் கணக்கில் எடுத்தால் அது 7, 8 பவுண்டைச் சுற்றித்தான் இருந்திருக்கணும்.

டிவி பணம்தான் கொட்டுதே?

கொட்டுது. 1992-ல் பிரீமியர் லீக் தொடங்கியபோது முதல் ஐந்து ஆண்டுக்கான டிவி ஒப்பந்தம் 30.4 கோடி பவுண்ட் என்று பேசப்பட்டது. 2025-ல் தொடங்கிய நான்கு ஆண்டு ஒப்பந்தம், பிரிட்டனுக்குள் மட்டுமே, 670 கோடி பவுண்ட்.

லிவர்பூலின் 2023-24 கணக்கையே எடுத்துக்குவோம். மொத்த வருமானம் 61.4 கோடி பவுண்ட். ஸ்பான்சர், ஜெர்சி விற்பனை போன்ற வணிக வருமானம் 30.8 கோடி. டிவி உரிமை 20.4 கோடி. மேட்ச் நாள் வருமானம் 10.2 கோடி. அதாவது டிக்கெட், கார்ப்பரேட் பெட்டி, ஸ்டேடியத்தில் விற்கிற சாப்பாடு எல்லாம் சேர்த்தே ஆறில் ஒரு பங்குதான்.

அப்புறம் ஏன் டிக்கெட் விலையில் கை வைக்கிறாங்க? கிளப்கள் சொல்கிற காரணம் செலவு. வருமானத்தில் பாதிக்கு மேல் சம்பளத்துக்கே போகிறது. அந்த வருடம் லிவர்பூல் கணக்கில் 5.7 கோடி பவுண்ட் நஷ்டம். மூன்று சீசனில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்று பிரீமியர் லீக்கில் பல ஆண்டுகளாக விதி இருந்தது. புது வீரரை வாங்கணும்னா எங்கிருந்தாவது பணம் வந்தாகணும். டிவி ஒப்பந்தம் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் மாறும். டிக்கெட் விலையை வருடா வருடம் மாற்றலாம்.

சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. காபி விலை ஏறினால் பக்கத்துக் கடைக்குப் போகலாம். லிவர்பூல் டிக்கெட் விலை ஏறிடுச்சுன்னு எவர்ட்டன் ரசிகரா மாற முடியுமா? தாத்தா காலத்திலிருந்து ஒரே கிளப். அந்த ரசிகர் முணுமுணுத்துக்கொண்டே கட்டுவார். அவர் கட்டாவிட்டாலும் அந்த இருக்கைக்கு வெளியே நீண்ட வரிசை காத்திருக்கு. இது கிளப்புக்கு நல்லாவே தெரியும்.

பழைய ரசிகரா, டூரிஸ்ட்டா?

முப்பது வருடமாக சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் கிளப் கடையில் புதுசாக என்ன வாங்கப் போகிறார்? மேட்ச் தொடங்கும் நேரத்துக்கு வருவார், பார்ப்பார், கிளம்புவார். வாழ்நாளில் ஒருமுறை ஆசையாக வருகிற வெளிநாட்டுப் பயணி அப்படி இல்லை. விருந்தோடு சேர்ந்த ஹாஸ்பிடாலிட்டி பேக்கேஜ் எடுப்பார், ஸ்டேடியம் டூர் போவார், ஜெர்சி, ஸ்கார்ஃப் எல்லாம் வாங்குவார். ஒரே இருக்கை, வெவ்வேறு வருமானம்.

2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் செய்ததைப் பாருங்க. சீசன் பாதியில், மீதமிருந்த உறுப்பினர் டிக்கெட்டுகளுக்கு ஒரே விலை என்று 66 பவுண்ட் வைத்தது. அதுவரை பெரியவர்களுக்கு 40 பவுண்ட், சிறுவர்களுக்கு 25 பவுண்டில் டிக்கெட் கிடைத்துவந்தது. சிறுவர், முதியோர் சலுகையை அப்போது எடுத்துவிட்டது. ஒரு அப்பா, இரண்டு பிள்ளைகள் என்றால் 90 பவுண்டில் முடிந்த செலவு 198 பவுண்ட். இன்றைக்கு வர முடியாத அந்தப் பிள்ளை, இருபது வருடம் கழித்து சீசன் டிக்கெட் வாங்க எங்கிருந்து வரும் என்பதுதான் அங்கே போராடியவர்களின் கேள்வி.

இதே கிளப்பை 2005-ல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் சுமார் 79 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அதில் பெரும்பகுதி கடன். அந்தக் கடன் சுமை கிளப்பின் தலையிலேயே ஏற்றப்பட்டது. வெறுத்துப்போன ரசிகர்கள் சிலர் அதே வருடம் ‘எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர்’ என்று தங்களுக்கென ஒரு கிளப்பையே தொடங்கினார்கள். ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு என்பது அதன் அடிப்படை. மற்றவர்கள் ஓல்ட் டிராஃபோர்டிலேயே தங்கிப் போராடுகிறார்கள்.

கேப் கட்டணம் மாதிரி டிக்கெட் விலை

மழை பெய்யும்போது கேப் புக் பண்ணினால் கட்டணம் இரட்டிப்பாகிறது இல்லையா? அந்த டைனமிக் பிரைசிங் கால்பந்துக்கும் வந்துவிட்டது. 2026 உலகக் கோப்பைக்கு ஃபிஃபா இதைப் பயன்படுத்தியது. 2025 செப்டம்பரில் அறிவித்தபடி டிக்கெட் விலை 60 டாலரில் தொடங்கி, ஃபைனலுக்கு 6,730 டாலர் வரை. அதாவது கிட்டத்தட்ட 6 லட்சம் ரூபாய்.

டிசம்பரில் அந்தந்த நாட்டு ரசிகர்களுக்கான ஒதுக்கீட்டு விலை வெளியானது. ஃபைனலுக்கு அதில் மிகக் குறைந்த டிக்கெட்டே 4,185 டாலர். ஐரோப்பிய ரசிகர் அமைப்புகள் கொதித்தன. சில நாட்களிலேயே ஃபிஃபா கொஞ்சம் இறங்கி வந்தது. ஃபைனல் உட்பட 104 மேட்ச்களுக்கும் 60 டாலர் டிக்கெட் உண்டு என்றது. ஆனா அது அந்த ஒதுக்கீட்டில் 10 சதவீதம்தான்.

ஜெர்மனியில் மட்டும் எப்படி?

அங்கே ‘50+1’ என்று ஒரு விதி, 1998 முதல் இருக்கிறது. கிளப் கம்பெனியில் யார் வேண்டுமானாலும் பணம் போடலாம். ஆனால் ஓட்டுரிமையில் 50 சதவீதத்துக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்கணும். பேயர் கம்பெனியின் லெவர்குசன், ஃபோக்ஸ்வாகனின் வோல்ஃப்ஸ்பர்க் போன்ற விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி ஒரு கோடீஸ்வரர் வந்து கிளப்பை அப்படியே வாங்கிக்கொண்டு போக முடியாது.

விளைவு, டார்ட்மண்ட் மைதானத்தின் ஒரு பக்கத்தில் இன்றும் சுமார் 25,000 பேர் குறைந்த விலையில் நின்று பார்க்கிறார்கள். விலையை ஏற்றினால் வருகிற சில கோடிகள் பெரிய கிளப்புக்கு ஒரு பொருட்டே இல்லை, ரசிகர்கள் கறக்கிற மாடுகளும் இல்லை என்ற பொருளில் பேயர்ன் மியூனிக்கின் ஊலி ஹோனஸ் ஒருமுறை பேசியது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

அதற்காக ஜெர்மனி சொர்க்கம்னு சொல்லிட முடியாது. பிரீமியர் லீக் அளவுக்கு டிவி பணம் அங்கே இல்லை. 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 முறை பேயர்னே சாம்பியன். ரசிகர்கள் சும்மா இருந்து இதைக் காப்பாற்றவும் இல்லை. லீக்கின் மீடியா வருமானத்தில் 8 சதவீதத்தை சுமார் 100 கோடி யூரோவுக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குக் கொடுக்க 2023 டிசம்பரில் கிளப்கள் ஓட்டுப் போட்டன. அடுத்த சில வாரங்கள் மேட்ச் மேட்ச்சாக டென்னிஸ் பந்துகள் மைதானத்துக்குள் பறந்தன. ஆட்டம் நின்று நின்று நடந்தது. 2024 பிப்ரவரி 21-ல் லீக் அந்தத் திட்டத்தையே கைவிட்டது.

போராட்டம் ஏன் வேலை செய்யுது?

2020 ஜூனில் கொரோனாவுக்கு நடுவே பிரீமியர் லீக் மறுபடி தொடங்கியது ஞாபகம் இருக்கா? காலி ஸ்டேடியம். டிவியில் பதிவு செய்த கூட்டச் சத்தத்தைச் சேர்த்து ஒளிபரப்பினார்கள். பந்து போஸ்ட்டில் பட்டால் “ஓ...” என்று ஒரு சத்தம். பார்க்கிற நமக்கே என்னவோ போலிருந்தது.

அந்தச் சத்தம்தான் விஷயம். கிளப் உலகம் முழுக்க விற்பது வெறும் ஆட்டத்தை மட்டும் இல்லை. கோப் பகுதியின் கொடிகளையும் பாட்டையும் சேர்த்துத்தான் விற்கிறது. அதை உருவாக்குகிறவருக்குச் சம்பளம் கிடையாது. அவர்தான் காசு கட்டி உள்ளே வருகிறார். டிக்கெட் கணக்கில் அவர் சிறிய தொகை. ஆனால் அவர் எழுந்து போனால் டிவியில் விற்கிற சரக்கே கெட்டுப்போகும். 77-வது நிமிடத்தில் ஆன்ஃபீல்ட் ரசிகர்கள் தொட்டது இந்த இடத்தைத்தான்.

அதற்கு அடுத்த மாதமே, 2016 மார்ச்சில், வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட்டுக்கு 30 பவுண்ட் உச்சவரம்பு வைக்க பிரீமியர் லீக்கின் 20 கிளப்களும் ஒப்புக்கொண்டன. 2021 ஏப்ரலில் ஆறு இங்கிலாந்து கிளப்கள் உட்பட 12 பெரிய கிளப்கள் ‘சூப்பர் லீக்’ அறிவித்தபோது, ரசிகர்கள் தெருவுக்கு வந்த இரண்டே நாளில் ஆறு கிளப்களும் பின்வாங்கின.

எல்லா முறையும் ஜெயிப்பதில்லை. 2024 ஏப்ரலில் லிவர்பூல் விலையை 2 சதவீதம் உயர்த்தியதை எதிர்த்து, அட்டலான்டாவுடனான மேட்ச்சில் கோப் பகுதியில் கொடிகளே கட்டவில்லை. அரசாங்கமும் இப்போதுதான் உள்ளே வந்திருக்கிறது. இங்கிலாந்தில் 2025 ஜூலையில் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டப்படி தனி ஒழுங்குமுறை அமைப்பு உருவாகியிருக்கிறது. டிக்கெட் விலை பற்றி கிளப்கள் ரசிகர்களைக் கலந்து பேசணும். ஆனால் விலை இவ்வளவுதான் என்று நிர்ணயிக்கிற அதிகாரம் அந்த அமைப்புக்கு இல்லை.

சரி, சென்னையில் இருக்கிற நமக்கு என்ன?

இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் 3 மணி மேட்ச்களை டிவியில் நேரலையாகக் காட்ட மாட்டார்கள். சின்ன கிளப்களின் கூட்டம் குறையக் கூடாது என்பதற்காக 1960-களிலிருந்து இருக்கிற ஏற்பாடு. அந்த மேட்ச்சை நாம இங்கே போனில் பார்க்கலாம். அதே தெருவில் வளர்ந்து, டிக்கெட் வாங்க வசதியில்லாத லிவர்பூல்காரர் அங்கே நேரலையில் பார்க்க முடியாது.

2022-25 காலகட்டத்தில் பிரீமியர் லீக்கின் வெளிநாட்டு டிவி வருமானம் முதன்முறையாக உள்நாட்டு வருமானத்தை முந்தும் என்று கணிக்கப்பட்டது. அதில் நம்ம சந்தா காசும் ஒரு துளி. ஆன்ஃபீல்டுக்கு ஒருமுறை போகணும்னு காசு சேர்க்கிற நண்பர் உங்க கேங்கிலும் இருப்பார். அவர் தேடுகிற இருக்கையில் முன்பு யாரோ ஒருவர் வாராவாரம் உட்கார்ந்திருந்தார். அவர் ஆசை தப்புன்னு யாரும் சொல்லலை. ஆனா அவரைப் போன்றவர்களைக் கணக்கு வைத்துத்தான் விலை ஏறுது.

அடுத்த முறை ராத்திரி எட்டரைக்கு மேட்ச் போடும்போது கோப் பகுதியில் கொடிகள் இல்லையென்றால், பாட்டுச் சத்தம் கேட்கலையென்றால், போன் வால்யூமைச் சரிபார்க்க வேண்டாம். அன்னிக்கு டிக்கெட் விலை ஏறியிருக்கான்னு தேடிப் பாருங்க.