ஹட்டனிலிருந்து ஜித்தா எவ்வளவு நேரம்?

உம்ராவுக்குப் போகும் உம்மாவின் டிக்கட் வீட்டுக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டுநாயக்காவிலிருந்து காலை 10 மணிக்குப் புறப்பாடு. ஜித்தாவில் இறங்குவது பகல் 1.30க்கு. "மூன்றரை மணித்தியாலம்தானே!" என்று எல்லோரும் ஆறுதலடைவார்கள். ஆனால் உம்மா ஆகாயத்தில் இருக்கப் போவது ஆறு மணித்தியாலம்!

காரணம் இதுதான். புறப்படும் நேரம் இலங்கை நேரம். இறங்கும் நேரம் சவூதி நேரம். சவூதிக் கடிகாரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. போகும்போது இதைக் கூட்ட வேண்டும். திரும்பும்போது கழிக்க வேண்டும்.

"மூன்று மணித்தியால வித்தியாசம்" என்று மூத்தவர்கள் சிலர் சொல்வதுண்டு. அதுவும் ஒரு காலத்தில் சரிதான். 1996இல் இலங்கை தன் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. அந்த ஆண்டுகளில் சவூதியில் வேலை செய்தவர்களுக்குப் பழகிய கணக்கு அது.

வாசலிலிருந்து எண்ணுங்கள்

கொழும்புக்கும் ஜித்தாவுக்கும் இடையே வான்வழி சுமார் 4,650 கிலோமீற்றர். ஹட்டனிலிருந்து கொழும்போ சுமார் 130 கிலோமீற்றர்தான். ஆனாலும் கினிகத்தேனை, கித்துல்கல வளைவுகளில் இறங்கி வர நாலு மணித்தியாலமாவது வேண்டும். மண் சரிந்தால் அதுவும் போதாது. விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் முன்பே நிற்க வேண்டும். ஜித்தாவில் இறங்கியபின் சோதனைகள். பிறகு மக்காவுக்கு பஸ். எல்லாம் சேர்ந்தால் பதினாறு, பதினேழு மணித்தியாலம் ஆகிவிடும்.

சகோதரிகளே, உம்மாவுக்குச் சீனி வருத்தம் இருந்தால் இந்தக் கணக்கு மிக முக்கியம். மாத்திரை, இன்சுலின் நேரங்களை மாற்ற வேண்டுமா என்று முன்கூட்டியே டொக்டரிடம் கேளுங்கள். மருந்தைக் கைப்பையிலேயே வையுங்கள். பெரிய பெட்டியில் போட்டால் வழியில் எடுக்க முடியாது. கால் வீங்காமலிருக்க விமானத்தில் இடைக்கிடை எழுந்து நடக்கச் சொல்லுங்கள்.

இஹ்ராமும் நோன்பும்

"ஜித்தாவில் இறங்கி இஹ்ராம் நிய்யத் வைக்கலாம்" என்று இருந்துவிடக் கூடாது. பெரும்பாலான உலமாக்களின் கருத்துப்படி, மீக்காத் எல்லையை விமானம் ஜித்தாவை அடையுமுன்பே கடந்துவிடுகிறது. ஏறி ஐந்து மணித்தியாலம் ஆகும்போதே ஆயத்தமாக இருப்பது நல்லது. அசதியில் உறங்கிவிட்டால் நேரம் தப்பிவிடும்.

ரமழானில் போகிறவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். விமானம் மேற்கே போவதால் சூரியனைத் தொடர்ந்தே பறக்கிறது, பகல் நீள்கிறது. கைக்கடிகாரத்தில் கொழும்பின் இஃப்தார் நேரம் வந்தாலும் ஜன்னலுக்கு வெளியே வெயில் அடிக்கும். விமானத்திலிருந்து பார்க்கும்போது சூரியன் மறைந்த பின்பே நோன்பு திறக்க வேண்டும். முடியாதவர்களுக்குப் பயணி என்ற சலுகை இருக்கிறது; பின்னர் களாச் செய்துகொள்ளலாம்.

ஆகவே டிக்கட் கைக்கு வந்ததும் ஒரு தாளை எடுங்கள். வீட்டிலிருந்து புறப்படுவது, சாப்பாடு, மருந்து, இஹ்ராம், போய்ச் சேருவது எல்லாவற்றையும் இலங்கை நேரப்படி எழுதுங்கள். ஒரு பிரதி உம்மாவின் கைப்பையில், மற்றது வீட்டுச் சுவரில். 1.30க்கு அழைப்பு வரவில்லையே என்று வீட்டில் யாரும் கலங்க வேண்டியிருக்காது. அப்போது நம் கடிகாரத்தில் மாலை 4 ஆனால்தான் விமானம் இறங்கும்.