கடதாசி எங்கே போயிற்று?

எமது கல்லூரியில் ஆசிரியர் பலருக்கும் பொதுவான அச்சுப்பொறி ஒன்று உண்டு. கந்தோர், நூலகம், ஆசிரியர் அறை ஆகிய இடங்களிலுள்ள கணனிகள் யாவும் ஒரே வலையமைப்பினால் அதனோடு இணைக்கப்பட்டுள்ளன. யாம் மாணவராயிருந்த காலத்தில் வினாத்தாளை மெழுகுதாளிற் தட்டி, றோனியோ இயந்திரத்திற் பூட்டிக் கைபிடியைச் சுற்றுவார்கள். எத்தனை பிரதி என்பதைச் சுற்றியவரின் தோள்வலியே சொல்லிவிடும். இப்பொழுதோ ஒரு விசையைத் தட்டினால் அடுத்த அறையில் நாற்பது தாள் வந்து விழுகின்றது. வலி ஒருவருக்கும் இல்லை.

2022 மார்ச்சில் அந்த வலி எல்லோருக்கும் தெரிந்தது. அந்நியச் செலாவணி இன்மையாற் கடதாசி இறக்குமதி தடைப்பட, மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே பிற்போட்டார்கள். எமது கல்லூரியிலும் கடதாசிக் கட்டுகள் அலுமாரியில் வைத்துப் பூட்டப்பட்டன. பூட்டியும் என்ன? கட்டொன்றுக்கு 500 தாளாக, இரண்டு கட்டுகள் ஒரே கிழமையில் மறைந்தன. திறப்பை வைத்திருந்த சிற்றூழியர்மீது பலருடைய பார்வை திரும்பிற்று. அவ்வாறு பார்த்தவர்களுள் யாமும் ஒருவர் என்பதை மறைப்பதற்கில்லை.

கணனி கற்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவர், "கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசுவோமே, சேர்" என்றார்.

பொது அச்சுப்பொறிக்குப் போகும் வேலைகள் யாவும் முதலில் ஒரு கணனியில் வரிசையாய் நிற்கின்றன. லினக்ஸ் முறைமையில் அவ்வரிசையை நடத்துவது பெரும்பாலும் கப்ஸ் என்னும் மென்பொருள். யார் அனுப்பினார், எந்நேரம், எத்தனை பக்கம், எத்தனை பிரதி என்பவற்றையெல்லாம் அது ஒரு பதிவேட்டில் வரிவரியாக எழுதிவைக்கும். இவ்வழக்கம் புதியதன்று. பார்க்கிலிப் பல்கலைக்கழகத்தின் பழைய யுனிக்ஸ் முறைமையிலேயே, வேறு விலை குறிக்காவிடிற் பக்கமொன்றுக்கு இரண்டு அமெரிக்கச் சதம் என்று ஆள்வாரியாகக் கணக்குக் கூட்டும் கட்டளையொன்று இருந்தது.

அக்கிழமைப் பதிவேட்டில் 1012 பக்கங்கள் இருந்தன. ஆயினும் பதிவேடு அறிவது அனுப்பியதை மாத்திரமே. இடையில் நிறுத்தப்பட்ட வேலையை அது வந்ததாகவே எண்ணிவிடக்கூடும். வந்ததை அறிவது அச்சுப்பொறியின் உள்ளேயிருக்கும் எண்ணி. அதனை வலையமைப்பின் வழியாகவே கேட்டறியலாம். திங்கள்தோறும் அந்த எண்ணைக் குறித்துவைப்பது இளம் ஆசிரியரின் வழக்கம். கழித்துப் பார்த்தபோது 994 வந்தது. அந்நாட்களில் ஒருபுறமே அச்சிட்டமையாற் பக்கமும் தாளும் ஒன்றே. சிக்கிக் கசங்கிய சில தாள்களையும் சேர்க்க, இரண்டு கட்டும் நேராயின. அலுமாரியிலிருந்து ஒரு தாளும் களவு போகவில்லை.

பின் யார்தான் செலவிட்டார்? பட்டியலின் தலையில் 640 பக்கங்களுடன் நின்ற பெயர் எம்முடையது!

காலையில் எமது பெயரால் ஆசிரியர் அறைக் கணனியைத் திறந்துவிட்டு, மூடாமலே வகுப்புக்குப் போவது எமது வழக்கம். அதன்பின் வந்தவர் எல்லோரும் எமது பெயரிலேயே அச்சிட்டிருக்கின்றனர். ஆனால் 180 பக்கங்கள் முழுக்க எமது கைவேலை. ஒரு மாலை, 36 பக்கப் பாடக்குறிப்பை அனுப்பினோம். தாள் சிக்கியதால் ஒன்றும் வரவில்லை. பொறுமையிழந்து ஐந்து முறை தட்டிவிட்டு வீடு சென்றோம். ஐந்தும் வரிசையிற் காத்திருந்து, மறுநாள் சிக்கல் நீங்கியதும் அச்சாகி வந்தன.

இதனினும் சங்கடமான ஒன்று நேர்ந்தது. பதிவேட்டில் ஆவணத்தின் தலைப்பும் இருக்கும். இளம் ஆசிரியர் உரக்க வாசித்துச் செல்கையில், சக ஆசிரியை ஒருவரின் வெளிநாட்டு வேலை விண்ணப்பம் வெளிவந்துவிட்டது. அவர் அதனை ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. அறை அமைதியாயிற்று. அன்றே தலைப்புகளைப் பதியாதவாறு அமைப்பை மாற்றினார்கள். பக்கங்களை எண்ணத்தான் கணக்கு. மனிதரை வேவுபார்க்க அன்று என்று யாமும் வற்புறுத்தினோம்.

இப்பொழுது ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல்லும் மாதமொன்றுக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. பொறியருகே வந்து தம் இலக்கத்தை அழுத்தினால் மாத்திரமே தாள் வெளிவரும். தொடக்கத்தில் முணுமுணுத்தவர்களும் பழகிவிட்டனர்.

அன்று மாலை சிற்றூழியரிடம் சென்று உண்மையைச் சொன்னோம். அவர் பதிலொன்றும் கூறாமல் மேசை இழுப்பறையைத் திறந்தார். எமது பாடக்குறிப்பின் நான்கு மிகைப் பிரதிகளும் மடிப்புக் கலையாமல் அடுக்கப்பட்டிருந்தன. "பின்பக்கம் பிள்ளைகளுக்கு உதவும் எண்டு எடுத்து வைச்சனான், சேர்" என்றார்.

ஏழாம் வகுப்பு மாணவர் அத்தவணை முழுவதும் அவற்றின் பின்புறத்திலேயே கணக்குச் செய்தனர்.