வெளிநாட்டுப் பயணமும் வயிற்றுக் கோளாறும்

வெளிநாட்டுப் பயணம் என்றவுடன் கடவுச்சீட்டு, விசா, அந்நியச் செலாவணி ஆகியவற்றைப் பற்றிப் பலரும் பேசுவர். வயிற்றைப் பற்றி வாய்திறப்போர் மிகச் சிலரே. டில்லியிலோ மும்பையிலோ வாழும் தாயொருத்தி, லண்டனில் மகளின் பிரசவத்திற்கு உடனிருக்க வேண்டிப் பயணச்சீட்டும் வாங்கிவிட்டு, "அத்தனை மணி நேரம் என் வயிறு என்னைச் சும்மா விடுமா?" என்று எவரிடமும் சொல்லாமல் அஞ்சிக்கொண்டிருப்பதுண்டு. அத்தகைய நேயர்களை எண்ணியே இப்பேச்சு அமைகின்றது.

மருத்துவர்கள் ஐ.பி.எஸ். என்று சுருக்கமாகக் குறிப்பிடும் எரிச்சலுறு குடல் நோயில், குடலில் புண்ணோ கட்டியோ காணப்படுவதில்லை. குடலின் அசைவும், குடலுக்கும் மூளைக்கும் இடையேயுள்ள நரம்புத் தொடர்பும் இயல்பு பிறழ்ந்துவிடுகின்றன. 2016-ஆம் ஆண்டு வகுக்கப்பெற்ற ரோம் விதிகளின்படி, கடந்த மூன்று மாதங்களாகச் சராசரியாக வாரத்தில் ஒரு நாளேனும் வயிற்றுவலி இருத்தல் வேண்டும். மலங்கழிப்பதோடு தொடர்புறுதல், போகும் தடவை மாறுதல், மலத்தின் தன்மை மாறுதல் ஆகிய மூன்றனுள் இரண்டேனும் அவ்வலியோடு சேர்ந்திருத்தல் வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமேனும் ஆகியிருக்கவும் வேண்டும். ஆயின் மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், காய்ச்சல், இரத்தசோகை, உறக்கத்தினின்று எழுப்பும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், இது அந்நோயே என்று தாமாக முடிவு செய்துகொள்ளலாகாது. பயணத்திற்கு முன்னரே மருத்துவரைக் கண்டு சோதித்துக்கொள்ள வேண்டும்.

பயணத்தில் இந்நோய் ஏன் மிகுகின்றது? முதற்காரணம் நேர மாற்றம். பெருங்குடல் இரவில் ஓய்ந்திருந்து, விழித்தெழுந்த பின்னும் காலை உணவிற்குப் பின்னும் விரைந்து இயங்கும் இயல்புடையது. குளிர்காலத்தில் லண்டன் கடிகாரம் நம்முடையதைவிட ஐந்தரை மணி பின்தங்கியது. கோடையில் நாலரை மணி. டில்லியில் காலைக்கடன் கழிக்கும் ஆறு மணி, குளிர்கால லண்டனில் நள்ளிரவு பன்னிரண்டரை. குடல் இப்புதிய ஒழுங்கிற்குப் பழகச் சில நாட்கள் ஆகும். ஆதலின் சென்றிறங்கிய மறுநாளே நீண்ட சுற்றுலாவை வைத்துக்கொள்ளாதிருத்தல் நன்று. அந்நாட்டு வேளைப்படி உண்டு, காலையில் வெயில் படும்படி சற்று நடந்தால் உடல் விரைவில் பழகும்.

இரண்டாவது காரணம் விமானத்தினுள் உள்ள காற்றழுத்தம். விமானம் முப்பதாயிரம் அடிக்கு மேல் பறப்பினும், உள்ளே இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் உள்ளதற்கு ஒப்பானது. அதாவது உதகமண்டலத்தில் நாம் உணரும் அழுத்தம். அழுத்தம் குறையும்பொழுது வாயு விரியும். மலைப்பாதையில் ஏறும்பொழுது தின்பண்டப் பொட்டலம் உப்புவதைப் பலரும் கண்டிருப்பர். குடலிலுள்ள வாயுவும் அவ்வாறே கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை விரிகின்றது. இயல்பான குடலுடையார் இதனைப் பொருட்படுத்தார்; இந்நோயாளருக்கோ அது வலியாகவே தோன்றும். எனவே சோடா வகைகளையும், சர்பிட்டால் கலந்த சர்க்கரையில்லா மிட்டாய்களையும் விலக்குக. இடுப்பை இறுக்காத உடை அணிக. நடைவழியை ஒட்டிய இருக்கையை முன்னதாகவே கேட்டுப் பெறுக. இறங்குவதற்கு முன் இருக்கை வாரை அணியச் சொல்வர். அதன்பின் எழ இயலாது. ஆதலால் அவ்வறிவிப்பிற்கு முன்னரே கழிப்பறை சென்று வருக.

மூன்றாவது காரணம் உணவு. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், சிறுகுடலில் சரிவர உறிஞ்சப்படாமல் பெருங்குடலிற் புளித்து வாயுவை உண்டாக்கும் சில சர்க்கரைப் பொருள்களை இனங்கண்டு, அவற்றைக் குறைக்கும் உணவுமுறையை வகுத்தனர். வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு வகைகள், பால், மாம்பழம், தேன் ஆகியன அப்பொருள்கள் மிகுந்தவை. அரிசி அவ்வாறன்று. தென்னாட்டிலிருந்து வடக்கே குடிபெயர்ந்த பலருக்கு, மூன்று வேளையும் சப்பாத்தியும் வெங்காயக் குழம்புமாக உண்ட தொடக்க நாட்களில் வயிறு எவ்வாறு இருந்தது என்பது நினைவிருக்கலாம். அன்று "தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொன்னதற்குத் தண்ணீர் மட்டுமே காரணமாக இருந்திராது.

இவ்வுணவுமுறையைப் பயணத்திற்கு முந்தின வாரத்தில் தொடங்கலாகாது. இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே, உணவியல் வல்லுநரின் துணையோடு, இரண்டு முதல் ஆறு வாரம் விலக்கியிருந்து, பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்து, தமக்கு ஆகாதது எது என்று அறிதல் வேண்டும். எல்லாவற்றையும் என்றும் விலக்குதல் உடலுக்கு ஊட்டக்குறைவையே தரும். விமானத்தில் சிறப்புணவு வேண்டுவோர் குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன் சொல்லிவைக்க வேண்டும். சில நிறுவனங்கள் அதனினும் முன்னதாகக் கேட்கும். வெங்காயமும் பூண்டும் ஆகாதவர்க்கு ஜைன உணவு என்னும் வகை பெரிதும் உதவும். வெளிநாடுகளிலுள்ள இந்திய உணவுச்சாலைகளில் வெங்காயமும் பூண்டும் அரைத்த குழம்பே மிகுதி. நம் நாட்டு உணவென்று நம்பி ஏமாறுதல் கூடாது. வெறுஞ்சோறும், வேகவைத்த முட்டை அல்லது உருளைக்கிழங்கும் எங்கும் கிடைக்கும். அச்சத்தால் நாள் முழுதும் பட்டினி கிடந்து இரவில் வயிறு நிறைய உண்பது தவறு. சிறிது சிறிதாக வேளைதோறும் உண்பதே குடலுக்கு நலம்.

மருந்து குறித்து மிகுந்த கவனம் தேவை. நம் நாட்டில் இந்நோய்க்கு எழுதித் தரப்படும் சில மாத்திரைகளில் குளோர்டையசிபாக்சைடு என்னும் அமைதியூட்டி கலந்துள்ளது. அது 1971-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. வயிற்றுப்போக்கிற்குத் தரப்படும் டைபினாக்சிலேட்டும் 1961-ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் அடங்கியதே. சிங்கப்பூர், ஐக்கிய அரபு நாடுகள் போன்ற இடங்களுக்கு இத்தகைய மருந்துகளைக் கொண்டு செல்வதற்கு முன்அனுமதி வேண்டியிருக்கலாம். ஆதலின் அந்நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்தும், மருத்துவரைக் கேட்டு மாற்று மருந்து பெற்றும் புறப்படுக. மருந்துகளை அவற்றின் அட்டையிலேயே வைத்து, மருந்துப் பெயர் எழுதிய மருத்துவர் கடிதத்தோடு கைப்பையிற் கொண்டு செல்க. இசப்கோலையும் பிரிக்காத பொட்டலமாகவே எடுத்துச் செல்க. வீட்டுப் பொடிகளில் கசகசா கலந்திருப்பின் அதனை ஐக்கிய அரபு நாடுகளுக்குக் கொண்டு செல்லலாகாது. அங்கு அது தடை செய்யப்பட்ட பொருள். ஆஸ்திரேலியா செல்வோர் கொண்டுபோகும் உணவுப்பொருள்களைச் சுங்கத்தில் மறைக்காது அறிவித்தல் வேண்டும்.

புதிய ஊரில் தொற்றினால் வரும் பேதியையும் பழைய நோயையும் ஒன்றெனக் கருதலாகாது. அத்தகைய தொற்றுக்குப் பின் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு எரிச்சலுறு குடல் நோய் புதிதாகத் தோன்றுவதுமுண்டு. குழாய்நீர் ஐயத்திற்குரிய நாடுகளில் கொதித்தாறிய நீரையே பருகுக. பனிக்கட்டி சேர்ந்த பானத்தைத் தவிர்க்க. பேதி கண்டால், ஒரு லிட்டர் தூய நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துப் பருகலாம். காய்ச்சலோ இரத்தமோ இருப்பின் லோபரமைடு போன்ற பேதியை நிறுத்தும் மாத்திரையைத் தாமாக விழுங்காது மருத்துவரை நாடுக. பயணக் காப்பீடு எடுக்கும்பொழுது இந்நோய் இருப்பதை மறையாது எழுதுக. மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம்.

கழிப்பறை எங்கே என்று கேட்க நாணுதல் வேண்டா. ஜெர்மனியில் "வோ இஸ்ட் டீ டாய்லெட்டே?" என்றும், ஜப்பானில் "தோஇரே வா தோகோ தெஸ் கா?" என்றும் கேட்டால் வழி காட்டுவர். ஐரோப்பாவிற் பல இடங்களில் கழிப்பறைக்குக் காசு கொடுக்க வேண்டும். சில்லறையைத் தனியே வைத்திருங்கள். நீருக்குப் பதில் காகிதமே உள்ள இடங்களுக்காகச் சிறு நீர்ப்புட்டி ஒன்று பையில் இருக்கட்டும்.

இறுதியாக மனம். அச்சம் குடலை உலுக்குகின்றது. உலுக்கிய குடல் மேலும் அச்சம் தருகின்றது. இச்சுழலைப் பழக்கத்தால் தளர்த்தலாம் என்பதற்குச் சான்று உண்டு. 1984-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் என்னும் மருத்துவர், மனத்தை ஆழ்ந்த அமைதியில் ஆழ்த்தும் அறிதுயில் முறையால் கடுமையான இந்நோயாளர் பலர் நலம்பெற்றதை வெளியிட்டார். அத்தகைய சிகிச்சை கிட்டாதோரும், மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடும் பயிற்சியை இன்றே தொடங்கலாம். அதனினும் எளிய மருந்து ஒன்றுண்டு: உடன்வருவோரில் ஒருவரிடமேனும் உண்மையைச் சொல்லிவிடுதல். மறைத்து வைத்த சுமை இறங்கியவுடன் வயிறும் சிறிது இளைப்பாறும். பேரக்குழந்தையைக் கையிலேந்தும் பேற்றை நாணத்தின் பொருட்டு எவரும் இழக்க வேண்டுவதில்லை.