தட்டான் கண்ணுக்குத் தப்பி

தட்டானின் தலையில் பெரும்பகுதி கண்தான். பெரிய இனங்களில் ஒரு கண்ணுக்குள் ஏறத்தாழ 30,000 சிறு கண்கள் அடுக்கப்பட்டிருக்கும். முன்னால், பக்கவாட்டில், தலைக்கு மேலே, காலுக்குக் கீழே என்று கிட்டத்தட்ட எல்லாத் திசையையும் ஒரே சமயத்தில் பார்க்கும். பறக்கும் கொசுவைக் காற்றிலேயே மடக்கிப் பிடித்து, பறந்தபடியே தின்றுவிடும். குறிவைத்த இரையில் 90 சதவீதத்துக்கு மேல் அதனிடம் சிக்கிவிடுகிறது என்று ஆய்வுக்கூடத்தில் அளந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட பூச்சியை ஓரடி தூரம்வரை நெருங்கி, இறக்கை நரம்பு ஒவ்வொன்றும் தெரியும்படி படம் எடுப்பது எப்படி?

வழியைத் தட்டானே காட்டிக்கொடுக்கிறது. 2003ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. ஆஸ்திரேலியாவில் அகிகோ மிசுதானி, ஜவான் சால், மாண்டயம் சீனிவாசன் ஆகிய மூவரும் செய்தது. சீனிவாசன் பெங்களூரில் பொறியியல் படித்துவிட்டுப் பூச்சிகளின் பார்வையை ஆராயப் போனவர். ஆண் தட்டான்கள் ஒன்றையொன்று விரட்டுவதை இரண்டு கேமராக்களில் பதிந்து, பறந்த பாதையை முப்பரிமாணத்தில் வரைந்து பார்த்தார்கள். துரத்தும் தட்டான் நினைத்தபடி பறப்பதில்லை. துரத்தப்படுவதன் கண்ணுக்குத் தான் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதுபோலவே தெரியும்படி தன் பாதையை நொடிக்கு நொடி திருத்திக்கொள்கிறது. பூச்சியின் கண் முதலில் கவனிப்பது குறுக்கே நகரும் பொருளை. குறுக்கே நகராமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வரும் பொருளை அது தாமதமாகத்தான் உணர்கிறது.

காவிரிக் கரையில் நாணல் நுனியில் தட்டான் உட்கார்ந்திருந்தால் செய்ய வேண்டியதும் இதுவே. பத்துப் பதினைந்தடிக்கு முன்பே நின்று, போகும் கோட்டைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் வெறும் வானம் இருக்கக் கூடாது. மரமோ புதரோ இருந்தால் உங்கள் உருவம் அதில் கலந்துவிடும். கேமராவை முதலிலேயே கண்ணுக்கு உயர்த்திவிட வேண்டும், கிட்டே போய்க் கையைத் தூக்கினால் பறந்துவிடும். நிழல் அதன்மேல் விழாத பக்கத்திலிருந்து, இடமும் வலமும் ஆடாமல், அந்த ஒரே கோட்டில் நகருங்கள். தட்டான் தலையைச் சட்டென்று சாய்த்து உங்களைப் பார்த்தால் அப்படியே நின்றுவிடுங்கள். முன்னங்காலை மடக்கிக் கண்ணைத் துடைக்க ஆரம்பித்தால் அது உங்களை மறந்துவிட்டது என்று அர்த்தம், மேலே போகலாம். அப்படியும் பறந்துவிட்டால் துரத்த வேண்டாம். நம் ஊர்த் தட்டான்களில் பல, குச்சியின் நுனியிலிருந்து எழும்பி, இரை பிடித்துக்கொண்டு அதே நுனிக்கே திரும்பும் பழக்கம் உடையவை. அது இல்லாத நேரத்தில் இன்னும் இரண்டடி முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

திருச்சிக்கு இந்த விஷயத்தில் ஒரு கொடுப்பினை உண்டு. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து, கொள்ளிடம் வடக்கே போக, நடுவில் ஸ்ரீரங்கம் தீவாகக் கிடக்கிறது. ஓடும் ஆறு, தேங்கிய மணற்குழி, வாழைத்தோப்புக்குள் நுழையும் வாய்க்கால், நெல்வயல், கோயில் குளம், கருங்கல் சுவர் எல்லாம் ஒரு சைக்கிள் மிதிக்கிற தூரத்துக்குள் வந்துவிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டான் கூட்டம் இருக்கிறது.

வாழைத்தோப்பு வாய்க்காலின் நிழலில் ஊசித்தட்டான்கள். உட்காரும்போது இறக்கையைப் பெரும்பாலும் முதுகின்மேல் மடித்துவைத்துக்கொள்ளும் மெல்லிய பூச்சிகள் இவை. பளிச்சென்ற மஞ்சள் வாலும் பச்சை மார்புமாகப் புல்லோடு புல்லாகப் பறப்பது செரியக்ரியான் கோரமண்டலியானம். 1798இல் ஃபாப்ரிசியஸ் அறிவியல் உலகத்துக்கு அறிமுகம் செய்த, சோழமண்டலக் கரையின் பெயரைச் சுமக்கும் பூச்சி. அதற்கும் கீழே, தரையை ஒட்டி, இரண்டு சென்டிமீட்டர் அளவே உள்ள அக்ரியோக்னெமிஸ் பிக்மேயா. வயிறு மண்ணில் படப் படுத்தால்தான் அதன் கண்ணுக்கு நேராக லென்ஸைக் கொண்டுபோக முடியும். இவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் பிடிக்கும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். கேமராவின் முகமும் பூச்சியின் உடலும் இணையாக இருந்தால் கண் முதல் வால்நுனி வரை தெளிவாக விழும். சற்றே கோணினாலும் பாதி உடல் மங்கிவிடும்.

நெல்வயலுக்குப் போனால் நியூரோதெமிஸ் டூலியா. ஆணுக்கு இறக்கையின் பாதி நீலக்கருப்பு, அதையடுத்துப் பால்வெள்ளைப் பட்டை, நுனி கண்ணாடி. பெண்ணுக்கு மஞ்சளும் பழுப்பும். இரண்டையும் தனித்தனியே பார்ப்பவர் ஒரே இனம் என்று நம்பமாட்டார். ஆண் தன் வால்நுனிக் கொக்கியால் பெண்ணின் கழுத்தருகே பற்றிக்கொண்டு இரண்டும் சேர்ந்து பறக்கும் படம் ஒன்று கிடைத்தால் போதும், சந்தேகம் தீர்ந்துவிடும். இணைந்த சோடியைப் படம் எடுக்க ஆசைப்படுவதற்கு அழகு ஒரு காரணம். பெண்ணை அடையாளம் காண அதுவே உறுதியான வழி என்பது இன்னொரு காரணம்.

ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள மேலணைக் காப்புக்காட்டில் 2015இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறந்தார்கள். அங்கே வருகிறவர்கள் வண்ணத்துப்பூச்சி என்று நினைத்துக் கைகாட்டக்கூடிய தட்டான் ஒன்று உண்டு: ரையோதெமிஸ் வேரியகேட்டா. பொன்மஞ்சள் இறக்கையில் கரும்பழுப்புத் திட்டுகள். பறப்பதும் வண்ணத்துப்பூச்சியைப் போலவே படபடத்துத்தான். எதிர்வெயிலில் எடுத்தால் இறக்கை முழுவதும் தங்கத் தகடாக ஒளிரும். எனக்குப் பிடித்த கோணம் அதுதான்.

கருங்கல்லுக்குத் திருச்சியில் பஞ்சமே இல்லை. வெயிலில் காயும் பாறையிலும் மதிலிலும் சாம்பலும் கருப்புமாய்ப் புள்ளியிட்ட பிராடினோபைகா ஜெமினேட்டா ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் நிறமும் கல்லின் நிறமும் ஒன்று. இறக்கை நுனியை ஒட்டிய சிறு பொட்டும் கண்ணின் பளபளப்பும்தான் காட்டிக்கொடுக்கும். பாறைக்குழியில் தேங்கிய மழைநீர், சிமென்ட் தொட்டி, கிணறு என்று எதிலும் முட்டையிடும். வீட்டு மாடியில் திறந்து கிடக்கும் தொட்டியிலிருந்துகூடப் புதுத்தட்டான் புறப்பட்டு வரும். தண்ணீருக்குள் வளரும் அதன் இளம்பூச்சி அதற்குள் அங்கிருந்த கொசுப்புழுக்களைத் தின்று தீர்த்திருக்கும். மியான்மரின் யாங்கோன் நகரில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில் தட்டான் இளம்பூச்சிகளை விட்டு, டெங்கு பரப்பும் கொசுவைக் குறைத்துக்காட்டிய ஆய்வு 1990இல் வெளியானது. அவர்கள் பயன்படுத்திய க்ரோக்கோதெமிஸ் செர்விலியா நம் குளக்கரைகளில் சர்வசாதாரணமாகப் பறக்கிறது.

இந்த செர்விலியாவின் ஆண் மிளகாய்ப்பழச் சிவப்பு. ஆனால் இளம்பூச்சித் தோலைவிட்டு வெளிவந்த புதிதில் அதுவும் பெண்ணைப் போல மஞ்சள்தான். மஞ்சள் சிவப்பாவது எப்படி என்பதை ஜப்பானில் ரியோ ஃபுதஹாஷி குழுவினர் 2012இல் கண்டறிந்தார்கள். புதிய நிறமி எதுவும் சேர்வதில்லை. உடலில் ஏற்கெனவே இருக்கும் நிறமியே எலக்ட்ரான்களை ஏற்றுக்கொண்டு சிவப்பாகிறது. மஞ்சளாக இருந்த இளம் ஆணுக்கு வைட்டமின் சி ஊசி போட்டதும் அது சிவந்துவிட்டது. படம் எடுப்பவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. நிறத்தை மட்டும் நம்பி இனத்தின் பெயரை எழுதக் கூடாது. மஞ்சள் தட்டான் பெண்ணாகவும் இருக்கலாம், இளம் ஆணாகவும் இருக்கலாம், வேறு இனமாகவும் இருக்கலாம். ஊசித்தட்டான்களில் இன்னும் சிக்கல். நீலமும் கருப்புமாய் ஒன்றுபோலவே இருக்கும் சூடாக்ரியான் இனங்களைப் பிரிப்பதற்கு வயிற்றின் இரண்டாம் கண்ணியிலுள்ள கருங்குறியும் வால்நுனியிலுள்ள பற்றுக்கொக்கியின் வடிவமும் வேண்டும். ஆகவே மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வால்நுனியை மட்டும் நெருக்கத்தில் ஒன்று எடுத்துவிடுவது நல்லது. முகத்தை மட்டும் எடுத்த அழகான படம் பரிசு வாங்கலாம். பெயர் சொல்வதற்குப் பல சமயம் உதவாது.

சித்திரை, வைகாசி வெயிலில் மதியம் தட்டான்கள் வாலை வானை நோக்கி நிமிர்த்திக்கொண்டு தலைகீழாக நிற்பதுபோல உட்கார்ந்திருக்கும். உச்சி வெயில் படும் உடற்பரப்பைக் குறைக்கும் உபாயம் இது. பார்ப்பதற்கு விநோதமான நிலை, ஆனால் அந்த வெளிச்சம் கடுமையானது. ஃபிளாஷ் முன்னால் பட்டர் பேப்பர் கட்டி, நிழல்களை மென்மையாக்கினால்தான் தேறும். என்னைக் கேட்டால் மார்கழிதான் பருவம். பனி விழுந்த விடியலில் தட்டானின் பறக்கும் தசைகள் சூடேறாமல் இருக்கும். உடம்பெல்லாம் பனித்துளியோடு அசையாமல் தொங்கும். வெயில் ஏறியதும் இறக்கையை நடுங்கவைத்துச் சூடுபண்ணிக்கொண்டு கிளம்பிவிடும். நம் ஊரில் அந்த இடைவெளி ரொம்பச் சிறியது. அந்த நேரத்தில் அதைத் தொட்டு நகர்த்தவோ, குச்சியை ஒடித்து வசதியான இடத்தில் வைக்கவோ கூடாது. குளிர்பதனப் பெட்டியில் வைத்து மரக்கவைத்துப் படம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி எடுத்த படத்தில் பூச்சி எங்கே, எப்படி வாழ்கிறது என்பதற்கான தடயம் எதுவும் மிஞ்சாது. அந்தப் படத்தால் யாருக்கு என்ன பயன்?

ஐப்பசி மழைக்கு முன் மைதானத்தின் மேலும் அறுவடை முடிந்த வயலின் மேலும் கூட்டம் கூட்டமாகச் சுற்றும் பழுப்புமஞ்சள் தட்டான்களை எல்லோரும் பார்த்திருப்பார்கள். தட்டான் தாழப் பறந்தால் மழை என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்தப் பன்டாலா ஃப்ளேவெசன்ஸைப் பார்த்துத்தான். நன்னீர் அநேகமாக இல்லாத மாலத்தீவுகளில் ஆண்டுதோறும் அக்டோபரில் இவை திரளாக வந்திறங்குவதைக் கவனித்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், இந்தியாவிலிருந்து பருவக்காற்றில் ஏறி இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009இல் எழுதினார். போய்த் திரும்பும் சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீட்டர். அதை முடிக்க நான்கு தலைமுறை ஆகிறது. எளிதில் உட்காராத தட்டான் இது. பறக்கும்போது எடுக்க ஷட்டர் வேகம் நொடியில் 2,000இல் ஒரு பங்காவது வேண்டும். பொழுது சாயும் நேரத்தில் மெல்லிய கிளையில் செங்குத்தாகத் தொங்கும் ஒன்றைத் தேடுவது அதைவிடச் சுலபம்.

இந்தியாவில் சுமார் 500 தட்டான், ஊசித்தட்டான் இனங்கள் உள்ளன. அவற்றுக்கு அடித்தளமான நூலை எழுதியவர் எஃப். சி. ஃப்ரேசர் என்ற ராணுவ மருத்துவர். 1933, 1934, 1936 என மூன்று தொகுதிகள். பின்னர் இந்திய விலங்கியல் அளவாய்வு நிறுவனத்தின் கே. ஏ. சுப்பிரமணியன் 2005இல் தீபகற்ப இந்தியாவுக்கும் 2009இல் நாடு முழுமைக்கும் களக்கையேடுகள் எழுதினார். படம் எடுப்பவர்கள் இன்று ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் நாளும் இடமும் குறித்துப் பதிவேற்றுகிறார்கள். அதில் எனக்கு ஒரு குறை. எல்லோருக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைமேல்தான் கண். வால்பாறைக்கும் நீலகிரிக்கும் போனால் வேறெங்கும் இல்லாத இனம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் சமவெளி ஆற்றின் சாதாரணத் தட்டானை ஒரே இடத்தில் வருஷக்கணக்காகப் பதிவதற்கு ஆள் வேண்டுமே. 2021இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 6,016 தட்டான், ஊசித்தட்டான் இனங்களை மதிப்பிட்டு, 16 சதவீதம் அழியும் ஆபத்தில் உள்ளன என்றது. சதுப்புகளும் ஓடும் நீர்நிலைகளும் அழிவதை முக்கியக் காரணமாகச் சொன்னது.

பெட்டவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால், வயல்களைத் தாண்டித் திருச்சி நகருக்குள் வருகிறது. ராஜராஜன் காலத்து வாய்க்கால் என்கிறார்கள். நகருக்குள் அதில் கழிவுநீர் கலக்கிறது. பழுப்பாரஞ்சு இறக்கையுள்ள பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டா அழுக்குத் தண்ணீரையும் தாங்கிக்கொள்ளும் தட்டான். ஓரிடத்தில் அதுமட்டுமே மண்டிக் கிடந்தால் அந்தத் தண்ணீரைப் பற்றி யோசிக்க வேண்டும். வாய்க்காலின் தலைப்பில் ஓரிடம், நகருக்கு முன்னால் ஓரிடம், நடுவில் ஓரிடம், நகரைத் தாண்டி ஓரிடம் என்று வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை போய்க் கண்ணில் பட்ட இனங்களையெல்லாம் படம் எடுத்தாலே, எந்த இனம் எங்கே நின்றுபோகிறது என்பது தெரிந்துவிடும். பள்ளி மாணவர்கள் செல்பேசியில் செய்யக்கூடிய வேலை இது.

அதில் ஒன்றை விட்டுவிடக் கூடாது. பறக்கும் தட்டான் எங்கிருந்தும் வந்திருக்கலாம். தண்ணீருக்குள் வளர்ந்த இளம்பூச்சி நாணலில் ஏறி, முதுகு பிளந்து தட்டானாக வெளியேறிய பிறகு அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும் காய்ந்த தோல், அது அந்தத் தண்ணீரில்தான் பிறந்து வளர்ந்தது என்பதற்குச் சாட்சி. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே நாணல் தண்டுகளிலும் படித்துறைச் சுவரிலும் காலையில் தேடுங்கள். மழையும் காற்றும் வந்தால் உதிர்ந்துவிடும். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று படம் எடுக்கும்போது, அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.