தேறாத பரீக்ஷை

பரீக்ஷை முடிவு வெளியாகும் தினத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவதில்லை. தேறினவர் ஜாபிதாவில் பிள்ளையின் நம்பர் இல்லையென்றால், அவனுக்கு மூளையே இல்லையென்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம்.

ஸ்ரீநிவாஸ ராமானுஜன் 1904-ல் கும்பகோணம் கலாசாலையில் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களைப் புறக்கணித்தார். ஆங்கிலத்தில் தவறவே உபகாரச் சம்பளம் பறிபோயிற்று. பிறகு சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் படித்தும் எப். ஏ. பரீக்ஷையில் தேறவில்லை. 1907-ல் மறுபடியும் எழுதினார், மறுபடியும் தோல்விதான். பட்டமில்லாதவருக்கு உத்தியோகம் ஏது? 1912-ல் சென்னைத் துறைமுக ஆபீஸில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவானார். ஆனால் கணித நோட்டுப் புத்தகத்தை மட்டும் அவர் மூடவில்லை.

எந்தச் சென்னைச் சர்வகலாசாலையின் பரீக்ஷையில் தவறினாரோ, அதே சர்வகலாசாலை 1913-ல் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் அளித்தது. 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம். 1918-ல் ராயல் சொஸைட்டி அங்கத்தினர் பதவி.

எல்லோரும் ராமானுஜன் ஆகிவிட முடியாது. பிடிக்காத பாடத்தைக் கைவிடுவதும் உசிதமன்று. அதற்கு அவர் கொடுத்த விலை பல வருஷ வறுமை. எனவே தவறிய பாடம் எது, ஏன் தவறிற்று என்று பிள்ளையை விசாரிப்போம். அதற்கு முன் அடுப்பை மூட்டி, அவனைச் சாப்பிட அழைப்போம்.